விளக்கு எரியும்போது பியர் உள்ளே வரக்கூடாது

மொன்றியல் தமிழர் குளிர்காலப் பியர் நயப்பு மன்றத்தின் யாப்பிலே ஒரு விதி இருக்கிறது. மண்டபத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மதுபானம் எதுவும் உள்ளே வரக்கூடாது. இன்னொரு விதி, மன்றத்தின் எந்த நிகழ்வும் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்கக்கூடாது. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள்தான். ஒரே மேசையில் இருந்துதான் எழுதினார்கள். அப்போது அவர்கள் குடிவெறியில் இருக்கவில்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக எழுதியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். என் பெயர் ஜெனாட். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மூன்று குளிர்காலமாக வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். கறுக்க வறுத்த பார்லி மோல்ட், பனங்கட்டி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, ஏலக்காய். செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடி வீடு எங்களுடையது. உடுப்புத் தோய்க்கிற மெசின் நின்ற இடத்தில் இப்போது என் பியர்த் தாங்கி நிற்கிறது. மெசின் போய்விட்டது. உடுப்பு போகவில்லை. கார் என்னோடு வேலைக்குப் போய்விடும். என் மனைவி ஜெயனி பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்து களைத்து வந்து, உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்து போய்த் தோய்த்துக்கொண்டு வருவாள்.

மார்கழியில் ஒருநாள் மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மூண்டு வருசமா இதைச் சுமந்துகொண்டு ஸ்நோவுக்குள்ள நடக்கிறன். நான் கேக்கிறது ஒண்டுதான். உங்கட பியர் நல்லதோ, கூடாததோ?"

"சாரங்கன் நல்லதெண்டுதான் சொல்லுறான்."

"உங்கட சிநேகிதர் சொல்லக்கூடாது. வெளியால ஆரும் ஒராள் குடிச்சுப்பாத்துச் சொல்லட்டும். நல்லதெண்டால் தாங்கி இருக்கட்டும், நான் பிறகு வாய் திறக்கமாட்டன். கூடாதெண்டால் மெசின் திரும்பி வரவேணும்."

"நீர் ஒருக்காக் குடிச்சுப்பாத்துச் சொல்லுமன்."

"நான் என்ன குடிகாரியே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் சிநேகிதன் சாரங்கன் எதைக் குடித்தாலும் "சொல்லி வேலையில்லை மச்சான்" என்பான், சொல்லி முடியாத அளவுக்கு நல்லதாம். போன வருடம் ஒரு தாங்கி முழுவதும் புளித்து வினாகிரியாகிப் போனது. அதையும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, சொல்லி வேலையில்லை என்றான். மிச்சத்தில் ஜெயனி அச்சாறு போட்டாள். அச்சாறு உண்மையிலேயே சொல்லி வேலையில்லை. ஆனால் பியர்? மூன்று வருடமாக எனக்கே தெரியாது. தன் சமையலைத் தானே முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போன ஆளின் நிலைமைதான் எனக்கு. தாங்கி போனால் எனக்கு மிஞ்சுவது போர்க்லிஃப்ட் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மன்றம் 'குளிர்காலப் பியர் ஒப்பீட்டுப் பெருவிழா' என்று அறிவித்தது. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு போத்தல் கொண்டுவரலாம், நடுவர்கள் சுவைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அந்தத் தீர்ப்புத்தான். செயலாளர் குணரத்தினம் அண்ணைக்குப் போன் அடித்தேன். இல்-பிசாரில் பெரிய வீட்டில் இருக்கிறவர். பிரதம நடுவரும் அவர்தான்.

"உம்மட படம் ஒண்டு அனுப்பும். கோட் போட்டது. விழா மலரிலை போடவேணும்" என்றார்.

"அனுப்புறன் அண்ணை. பியரைப் பற்றி..."

"பியருக்குத் தூய தமிழ்ப் பெயர் இருக்கவேணும். வாழ்த்துச் செய்தி ஆரிட்டை வாங்கப்போறீர்?"

"பியருக்கே?"

"பேந்து என்ன, உமக்கே?"

என்ன பியர், எதில் காய்ச்சினது, எவ்வளவு காரம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் மட்டும் 'பனிமலர்' என்று அவரே வைத்துவிட்டார். பின்னர் பார்த்தால் ஏழெட்டுப் பேருடைய பியருக்கும் அதே பெயர்தான்.

விழா சனிக்கிழமை மத்தியானம். வெளியே மூக்கு மயிர் உறைகிற குளிர். ஜெயனி என்னை மண்டப வாசலில் இறக்கிவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனாள். "முடிய வாறன். வடிவாக் கேட்டுக்கொண்டு வாங்கோ, என்ன சொல்லுகினமெண்டு" என்றாள்.

கார் தரிப்பிடத்தில் குணரத்தினம் அண்ணை தன் பெரிய காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்களின் கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு எதற்குப் போனாலும் இதுதான் வழக்கம். மண்டபத்துக்குள்ளே கேக்கும் சர்பத்தும். குடி வெளியே, கார் டிக்கியில். ஆண்கள் ஒவ்வொருவராகக் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே போவார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். பெண்கள் பார்க்காத மாதிரி இருப்பார்கள். ஆகவே போட்டிக்கு வந்த பியர் முழுவதும் டிக்கிக்குள் போனதை ஒருவரும் விநோதமாக நினைக்கவில்லை.

எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை.

"அண்ணை, இந்தக் குளிருக்கு உறையாதே?"

"தம்பி, இது குளிர்காலப் பியர்தானே. குளிர் அதுக்குப் பழக்கமாயிருக்கும்."

"உள்ளுக்குக் கொண்டுபோனால் என்ன?"

"விளக்கு எரியேக்கை ஏலாது. ஒரு அரை மணித்தியாலம். விளக்கு எண்ணெய் முடிஞ்சு நூர்ந்த உடனை உள்ளுக்கு எடுப்பம்." பிறகு என் கையைப் பார்த்தார். "இதென்ன, பிளாஸ்டிக் போத்தல்?"

"கண்ணாடிப் போத்தல் முடிஞ்சு போச்சண்ணை. இது சோடாப் போத்தல். நல்லாக் கழுவினது."

"தோற்றத்துக்குப் புள்ளி குறையும்" என்று சொல்லி, அதைக் கண்ணாடிப் போத்தல்களுக்குப் பின்னால், ஒருவருக்கும் தெரியாத மூலையில் வைத்தார்.

உள்ளே மேடையில் ஓர் ஆள் உயரக் குத்துவிளக்கு. எண்ணெய் உபயம் பலசரக்குக் கடை சிவநேசம் அண்ணை. விளக்கின் காலில் அவருடைய கடைப் பெயர் அட்டையில் தொங்கியது. ஒரு தகரம் நிறைய நல்லெண்ணெய் கொண்டுவந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விளக்குக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். சிறப்பு விருந்தினர் எலிசா. வில்லரேயில் சின்னதாக ஒரு பியர்க்கடை வைத்து, தானே காய்ச்சி விற்கிற பெண். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். விளக்கேற்றச் சொன்னார்கள், ஏற்றினாள். பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்தாள். அதற்குப் பிறகு விழாவுக்குக் காசு தந்த அனுசரணையாளர்கள் ஒவ்வொருவரும் வந்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தத் தொடங்கினார்கள்.

தலைவர் கணேசலிங்கம் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டினார். அவருடைய தலைமையுரையை நான் மறக்கமாட்டேன்.

"சபையோரே, நான் என் வாழ்நாளில் ஒரு துளி பியர்கூட அருந்தியதில்லை. முதலில் அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம். பிறகு சீனி வியாதி. இதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏனெனில் எந்தப் பியரிலும் எனக்குப் பக்கச்சார்பு கிடையாது. குடிக்கிறவன் ஒருவன் பியரைப் பற்றி எப்படி நடுநிலையாகக் கதைக்க முடியும்? ஆகவேதான் இம்மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நானே தலைவராக இருக்கவேண்டும் என்று நானே முன்மொழிந்தேன்."

கைதட்டல். நானும் தட்டினேன். குளிருக்கு இதமாக இருந்தது.

அடுத்தது குணரத்தினம் அண்ணையின் ஆய்வுரை. 'பெல்ஜியம் கண்ட பெருந்தகை' என்று அறிவிப்பாளர் அழைத்தார்.

"ஊருக்குப் போகும் வழியில் பிரசல்ஸ் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தவேளை, அந்நாட்டு மக்கள் பியர் அருந்துவதை மிக அருகில் இருந்து அவதானிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. அவர்கள் கிளாஸைத் தூக்குகிறார்கள். பின்பு வைக்கிறார்கள். நான் கேட்கிறேன், எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் கிளாஸைத் திரும்ப வைக்கிறோம்?"

சபை தலை குனிந்தது. விளக்கு நின்று எரிந்தது.

எலிசா எனக்குப் பக்கத்துக் கதிரைக்கு வந்து, பிரெஞ்சில் மெல்லக் கேட்டாள்.

"எப்போது தொடங்கும்?"

"தொடங்கிவிட்டது."

"பியர்?"

நான் விளக்கைக் காட்டி விதியைச் சொன்னேன். அவள் விளக்கைப் பார்த்தாள், பியர் இருக்கிற திசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஊதி அணைத்தால் என்ன?"

"அப்படிச் செய்வதில்லை. தானாகத்தான் முடியவேண்டும். அணைத்தால் நல்லதில்லை என்று நினைக்கிறார்கள்."

"பியர் வெளியே இருந்தால் நல்லதா?"

எழும்பித் தலைவரிடம் போனேன்.

"தலைவர், பியர் உறைஞ்சு போகும். விளக்கை ஒருக்கா நூர்ப்பமே?"

"நூர்க்கிறதெண்ட சொல்லை மண்டபத்துக்குள்ளை சொல்லாதையும்" என்றார் அவர். இருந்தாலும் நல்ல மனிதர், திரைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூட்டினார். விளக்கை வெளியே கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். காற்றுக்கு நூர்ந்தால் ஆர் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். விளக்குக்கு முன்னால் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பியரைக் கொண்டுவரலாம், விளக்குக்குத் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு எல்லோரும் சம்மதம். சிவநேசம் அண்ணை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திரை போட்டால் அவருடைய கடைப் பெயர் மறைந்துவிடும்.

கடைசியில், விளக்கு முடியும்வரை சபையைச் சோர்வடைய விடாமல் மேலும் சிலர் பேசுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அங்கேதான் சனி பிடித்தது. விளக்கு எரிகிறதே என்று இவர்கள் பேசினார்கள். பேச்சு நடக்கிறபோது விளக்கு மங்கினால் உபயகாரருக்கு மரியாதை இல்லை என்று சிவநேசம் அண்ணை எண்ணெய் விட்டார். அவர் எண்ணெய் விட்டதைப் பார்த்து அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார்கள். போன வருடப் பொருளாளர் பேசினார். போன வருடப் பொருளாளருக்கு எதிராகத் தேர்தல் கேட்டுத் தோற்றவர் பேசினார். பார்லியும் பண்பாடும் என்று ஒருவர் பேசினார். எலிசாவுக்குப் பொன்னாடைகள் குவிந்து முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த மண்டபத்தில் குளிராமல் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

மூன்று குளிர்காலம், ஜெயனியின் முதுகு, எல்லாம் அந்த டிக்கிக்குள் கிடந்து விறைத்துக்கொண்டிருந்தன. நான் எழும்பிப் போய் மண்டப வாசல் கதவைத் திறந்தேன். பியர் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான். தெருவில் பனிக்காற்று சுழன்று அடித்தது. கதவைத் தேவைக்கு மேல் கொஞ்சநேரம் திறந்து வைத்திருந்தேன். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

திரும்பிப் பார்த்தபோது விளக்கிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. பிறகு தலைவர் ஒலிவாங்கியில் நிதானமாகச் சொன்னார்: "இயற்கை தன் கடமையைச் செய்திருக்கிறது." ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

டிக்கியைத் திறந்தோம். கண்ணாடிப் போத்தல் ஒவ்வொன்றும் வெடித்திருந்தது. கண்ணாடி போய், பியர் மட்டும் போத்தல் வடிவத்தில் கட்டியாக நின்றது. பழுப்பு, கறுப்பு, வெளிர் மஞ்சள். மூலையில் என்னுடைய சோடாப் போத்தல் வயிறு உப்பி, உடையாமல் கிடந்தது. உள்ளே பாதி உறைந்து, பாதி கூழாக ஆடியது. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் கட்டிகளை வரிசையாக வைத்தார்கள். எலிசா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். இவற்றைச் சுவைக்க முடியாது, கண்ணாடித் துண்டு இருக்கும், விழாவை இன்னொரு நாள் வையுங்கள் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

"இன்னொரு நாளோ?" என்றார் குணரத்தினம் அண்ணை. "மலர் அடிச்சாச்சு. பேந்து பிறந்தநாள்காரருக்கு மண்டபத்தைக் குடுக்கவேணும். அவவுக்குச் சொல்லும், பியர் குளிர்ந்துதானே இருக்கு. இதைவிடக் குளிர்காலப் பியர் எங்கை இருக்கு?"

மதிப்பீடு தொடங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டியாகக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் ஒருவர் சத்தமாக அறிவித்தார்.

"நிறம், உண்டு. மணம், அடக்கமானது. நுரை, நிலையானது."

சுவைக்கு வந்ததும் ஒரு சிக்கல். அதையும் அவர் தீர்த்தார். காய்ச்சிய ஆளையே கூப்பிட்டு, "உம்மட பியர் எப்பிடி?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் சொல்லி வேலையில்லை என்றார்கள். ஒவ்வொருவருக்கும் முழுப் புள்ளி கிடைத்தது. என் முறை வந்தது.

"உம்மட பியர் எப்பிடி, ஜெனாட்?"

"எனக்குத் தெரியாதண்ணை. அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் வந்தனான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "தன்னடக்கம்" என்று சொல்லி முழுப் புள்ளி போட்டார்.

"அண்ணை, என்ரை உடையேல்லை. ஒரு வாய் குடிச்சுப்பாருங்கோவன்" என்று போத்தலை நீட்டினேன்.

"தம்பி, உம்மடையைக் குடிச்சால் எல்லாற்றையும் குடிக்கவேணும். மற்றதுக்குள்ளை எல்லாம் கண்ணாடி. அப்ப நான் கண்ணாடி தின்னிறதோ? நடுவர் எண்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவேணும். ஒருத்தற்றையும் குடிக்காட்டித்தான் நீதி."

எலிசா இதைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "இதில் என்ன போட்டாய்?" என்று கேட்டாள். சொன்னேன். கண் விரிந்தது. பொன்னாடைகளுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நீட்டினாள். நான் மூடியில் கையை வைத்த அந்த நேரம் ஒலிவாங்கி முழங்கியது: "சிறப்பு விருந்தினரை முடிவு அறிவிப்புக்காக மேடைக்கு அழைக்கின்றோம்." இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவளை மரியாதையோடு கொண்டுபோனார்கள். படம் எடுத்து முடிய அவள் தன் கடை திறக்க ஓடவேண்டியிருந்தது. போகும்போது தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தோளைத் தூக்கினாள்.

தலைவர் முடிவை அறிவித்தார்.

"எமது மன்றத்தில் இரண்டாம் இடம் என்று ஒன்று இல்லை. முன்னொருமுறை கொடுத்தோம். இரண்டாம் இடம் பெற்றவர் இன்று லவாலில் இன்னொரு மன்றத்தின் தலைவராக இருக்கிறார். அந்த அனுபவத்தின் பின்னர் யாப்பைத் திருத்தினோம். எனவே இவ்வாண்டு போட்டியிட்ட அனைவரும் முதலாம் இடம்."

எல்லோருக்கும் ஒரே அளவில் கிண்ணம். நானும் மேடையேறி வாங்கினேன். பொன் நிறத்தில் மினுங்கியது. 'முதலாம் இடம், பனிமலர்' என்று எழுதியிருந்தது. மேசையில் கட்டிகள் உருகத் தொடங்கியிருந்தன. பிறந்தநாள்காரர் வந்து பலூன் கட்டத் தொடங்கினார்கள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஆண்கள் மற்றக் கார்களின் டிக்கிகளைத் திறந்து, கடதாசிக் கப்பில் விஸ்கி ஊற்றிக் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பியரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஜெயனி காரில் காத்துக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் தோய்த்த உடுப்பு மூட்டை. சவர்க்கார வாசம் கார் முழுக்க.

நான் ஏறி இருந்ததும் கிண்ணத்தைக் கண்டாள்.

"என்னவாம்?"

"முதலாம் இடம்."

கண்ணாடியில் பின்னால் இருந்த மூட்டையைப் பார்த்தாள். "சரி" என்றாள். "சொன்னால் சொன்னதுதான். தாங்கி இருக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிண்ணம் கையில் இருந்தது, பெயர் எழுதியிருந்தது, யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அவள் கேட்டது கிண்ணம் இல்லை. எனக்கும் வேண்டியிருந்தது கிண்ணம் இல்லை.

"ஜெயனி, ஒருத்தரும் குடிக்கேல்லை."

"என்ன?"

"ஒருத்தரும் வாயிலை வைக்கேல்லை. எல்லாருக்கும் முதலாம் இடம் குடுத்தவை. நல்லதோ கூடாததோ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது." "மெசினைக் கொண்டுவருவம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் மடியில் உப்பிக் கிடந்த சோடாப் போத்தலைப் பார்த்தாள். எஞ்சினை நிறுத்தி இறங்கினாள். பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள்.

"அதை இஞ்சை கொண்டுவாங்கோ."

நான் போத்தலும் கிண்ணமுமாக இறங்கிப் போனேன். போத்தலை வாங்கி மூடியைத் திருகினாள். மண்டபத்துக்குள் இருந்ததில் கொஞ்சம் இளகியிருந்தது. கிண்ணத்தில் ஊற்றினாள். கூழும் பனியுமாக, கறுப்பாக விழுந்தது. மேலே கொஞ்சம் நுரை வந்தது. கையுறையோடு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு மிடறு குடித்தாள்.

பக்கத்து டிக்கிகளில் கதை நின்றது. எங்கள் ஆட்களின் எந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு பெண் டிக்கிக்குப் பக்கத்தில் நின்று குடித்ததை அவர்கள் கண்டதில்லை. பெல்ஜியம் கண்ட குணரத்தினம் அண்ணை கப்பை வாயருகில் பிடித்தபடி நின்றார். பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மற்றப் பக்கம் திரும்பி, பார்க்காத மாதிரி நின்றார்கள்.

ஜெயனி வாயை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

"ஏலக்காய் கூடிப்போச்சு" என்றாள்.

இன்னொரு மிடறு குடித்தாள்.

"வேர்க்கொம்பு போதாது. பனங்கட்டி சரி. கடைசியிலை ஒரு கசப்பு நாக்கிலை நிக்குது, அது நல்லாயிருக்கு." கிண்ணத்தை என் கையில் தந்தாள். "அடுத்தமுறை ஏலக்காயைப் பாதியாப் போடுங்கோ."

மூன்று குளிர்காலத்தில் என் பியரைக் குடித்து, ஒருவர் என்னிடம் உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை நின்ற நிலையிலேயே குடித்தேன். ஏலக்காய் கூடித்தான் போயிருந்தது.

"அடுத்தமுறையோ?" என்று கேட்டேன்.

"ஓம்." அவள் டிக்கியைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து மூட்டையைக் காட்டினாள். "தாங்கி இருக்கட்டும். இது இனி உங்கட வேலை."